அட்டை யார் கையில் இருக்கிறது?

கணினி மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தில் ஒலியைப் பற்றியவை. ஒரு நிரல் ஒலிக்கும்போது இன்னொன்று ஊமையாகிவிடுகிறது என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். முதல் கடிதத்துக்கு மற்றவற்றைவிட அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு இது இடைஞ்சல். இவருக்குக் கணினியே இருண்டுபோகிற விஷயம்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் பார்வையற்றவன், அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். விடுமுறையில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை யாருடைய உதவியும் இல்லாமல் நானே நிறுவினேன். தொடக்கத்தில் எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் அது பேசிக்கொண்டே நிறுவும் என்று கேள்விப்பட்டு அப்படியே செய்தேன். க்னோம் டெஸ்க்டாப், ஓர்கா திரைவாசிப்பான். சில நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சில நாள் உள்ளே நுழைந்ததும் ஒரே மௌனம். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் அங்கே குரல் கேட்கிறது. டெஸ்க்டாப் பேசும் நாளில் எழுத்துத் திரை பேசாது. எழுத்துத் திரை பேசும் நாளில் டெஸ்க்டாப் பேசாது. ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் இருப்பதாக என் மகள் பார்த்துச் சொன்னாள். ஒலி அட்டை கெட்டுவிட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஐயா, எதையும் மாற்ற வேண்டாம். அட்டை நன்றாக இருக்கிறது. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கெட்டுப்போன அட்டை இப்படி முறை வைத்துப் பேசாது. இரண்டு பேர் ஒரே பொருளுக்கு முண்டியடிக்கிறார்கள். முந்தியவர் பேசுகிறார், பிந்தியவர் வாயடைத்து நிற்கிறார்.

கல்யாண வீட்டில் மைக் செட் கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒன்று, வாழ்த்துரை சொல்ல ஒன்று. மூன்றும் நேராக ஆம்பிளிஃபயருக்குள் போவதில்லை. நடுவில் மிக்சர் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. இப்போது மதர்போர்டோடு சேர்ந்து வரும் ஒலிச் சில்லு அந்த ஆம்பிளிஃபயரைப் போன்றது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை வாங்கிக்கொள்ள அதற்கு ஒரே வாசல். ஒரு நிரல் அந்த வாசலைத் திறந்துவிட்டால், அடுத்து வருகிற நிரலுக்கு ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்ற பதில்தான் கிடைக்கும். ஆகவே வாசலில் மிக்சர் பெட்டியின் வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். உங்கள் கணினியில் அது பைப்வயர். உலாவி, பாட்டு, வீடியோ எல்லாம் அதனிடம் ஒலியைக் கொடுக்கின்றன. ஓர்கா தான் பேச வேண்டியதை ஸ்பீச் டிஸ்பேச்சர் என்ற நிரலிடம் கொடுக்க, அந்தக் குரலும் பைப்வயரிடம்தான் வந்து சேர்கிறது. நல்ல நாள்களில் பாட்டு ஓடும்போதே ஓர்காவும் பேசியிருக்கும், கவனித்திருப்பீர்கள்.

இந்த வரிசைக்குள் வராத ஒருவர் உங்கள் கணினியில் இருக்கிறார். அவர் பெயர் ஈஸ்பீக்கப். குரலோடு டெபியனை நிறுவினால், எழுத்துத் திரையைப் படித்துச் சொல்லும் இந்த நிரலும் கூடவே நிறுவப்பட்டுவிடும். நிறுவும்போது உங்களோடு பேசியதும் இதுதான். கணினி எழும்போதே, நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் தருவதற்கு முன்பே, இது எல்லா உரிமைகளும் உள்ள ரூட் பயனரின் பெயரில் வேலையைத் தொடங்கிவிடும். பைப்வயர் அப்படி இல்லை. நீங்கள் உள்ளே நுழைந்த பிறகுதான், உங்கள் பெயரில், அது எழுந்திருக்கும். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஈஸ்பீக்கப் மிக்சரைத் தேடுவதில்லை. லினக்ஸின் மையமான கெர்னலின் ஒலி அடுக்கான ஆல்சா வழியாக நேராக அட்டைக்கே போய்விடுகிறது. நீங்கள் நுழையும் நொடியில் அட்டை அதன் கையில் இருந்தால், பைப்வயர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே அட்டையே இல்லை என்று முடிவுகட்டிவிடும். அதற்குப் பதிலாக எதுவும் ஒலிக்காத ஒரு பொய் வாசலை வைக்கும். உங்கள் மகள் படித்துச் சொன்ன ‘டம்மி அவுட்புட்’ அதுதான். பைப்வயர் முந்திக்கொண்ட நாளில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்பதால் கட்டளையைக் காதில் விழுகிறபடியே எழுதுகிறேன். டெஸ்க்டாப் மௌனமாக இருக்கும் நாளில் எழுத்துத் திரைக்குப் போய்த் தட்டச்சு செய்யுங்கள்: சூடோ, இடைவெளி, ஃபியூசர் (எஃப் யூ எஸ் இ ஆர்), இடைவெளி, சிறுகோடு வி, இடைவெளி, சாய்கோடு டெவ், சாய்கோடு எஸ்என்டி, சாய்கோடு, நட்சத்திரக்குறி. அட்டையின் ஒவ்வொரு வாசலையும் எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று இது சொல்லும். ‘கன்ட்ரோல் சி0’ என்று தொடங்கும் வரியைக் கேட்டுப் பதற்றப்பட வேண்டாம். அது ஒலியளவைத் திருகும் வாசல். அதில் எத்தனை பேரும் இருக்கலாம். நமக்கு வேண்டியது ‘பிசிஎம் சி0 டி0 பி’ என்ற வரி. சி0 என்றால் முதல் அட்டை, டி0 என்றால் அதன் முதல் சாதனம், கடைசியில் வரும் பி என்றால் ஒலிக்கும் வாசல். அங்கே சி என்று முடிந்தால் அது ஒலியை வாங்கும் வாசல், அதாவது மைக். அந்த பி வரியின் கடைசியில் ஈஸ்பீக்கப் என்று கேட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதே கட்டளையை நல்ல நாளிலும், ஒரு பாட்டை ஓடவிட்டு, டெஸ்க்டாப்பின் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) தட்டிப் பாருங்கள். அதே இடத்தில் பைப்வயர் இருக்கும்.

தீர்வு சொல்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்பீக்கப்பை நிறுத்திவிட்டால் இந்தச் சண்டை இன்றே முடிந்துவிடும். ஒரு வரி போதும். பார்வையுள்ளவர்கள் எழுதும் குறிப்புகள் அதைத்தான் சொல்லும். உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு புதுப்பிப்பு டெஸ்க்டாப்பைக் கவிழ்த்துவிட்டால், யாருடைய கண்ணையும் இரவல் கேட்காமல் நீங்களே சரிசெய்ய எழுத்துத் திரையின் குரல்தான் துணை. தனியாக உட்கார்ந்து டெபியனை நிறுவிய மனிதர் அந்தத் துணையை இழக்கக் கூடாது.

எங்கள் நூலகக் கணினி அறையில் 2005-இல் இதே சிக்கலை வேறு உருவில் பார்த்தேன். டி. வி. ராமன் 1995-இல் வெளியிட்ட எமாக்ஸ்பீக் என்ற பேசும் நிரலைக் கொண்டு ஒரு மாணவி தட்டச்சு பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த யாரோ அதே கணினியில் ஒரு பாட்டைத் திறந்தார்கள். குரல் நின்றது. பாட்டு முடியும்வரை அவள் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றிருந்தன; எந்த வரியில் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய காலத்தில், டெக்டாக் போன்ற பேசும் கருவிகள் தனிப் பெட்டியாக, சொந்த ஸ்பீக்கரோடு, சீரியல் கம்பியில் வந்து இணையும். விலை அதிகம்; ஆனால் யார் பாட்டுப் போட்டாலும் அந்தக் குரல் நிற்காது. குரல் மென்பொருளாக மாறி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியபோதுதான் அது பாட்டோடு ஒரே வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அப்போது நான் கண்ட வழி, சென்னை ரிச்சி தெருவில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டை ஒன்றை வாங்கி மாட்டியது. அதன் இஎம்யூ10கே1 சில்லு பல ஒலிகளைத் தனக்குள்ளேயே கலந்துகொள்ளும்; மென்பொருள் மிக்சரே தேவையில்லை. அப்படிப்பட்ட சில்லை இன்றைய மதர்போர்டில் எதிர்பார்க்க முடியாது.

எனவே உங்களுக்கும் நான் சொல்வது இரண்டாவது வாசல்தான். யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்று வாங்குங்கள். விரல் நீளம் இருக்கும். ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை. விலை குறைந்ததே போதும். கணினியோடு வந்த அட்டையை எழுத்துத் திரைக்கே விட்டுவிடுங்கள். அது எப்போதும் கணினியிலேயே இருக்கும், கழன்று விழாது. யூஎஸ்பி அட்டை டெஸ்க்டாப்புக்கு.

அட்டைகளின் எண்கள் சில சமயம் இடம் மாறும் என்பதால் எண்ணை நம்ப வேண்டாம், பெயரைப் பயன்படுத்துங்கள். கேட், இடைவெளி, சாய்கோடு ப்ராக், சாய்கோடு அசவுண்ட், சாய்கோடு கார்ட்ஸ் என்று தட்டினால் சதுர அடைப்புக்குள் பெயர்கள் வரும். இன்டெல் போர்டுகளில் உள்ளிருக்கும் அட்டை பெரும்பாலும் ‘பிசிஎச்’ என்றிருக்கும். அடுத்து, சாய்கோடு இடிசி, சாய்கோடு டீஃபால்ட், சாய்கோடு ஈஸ்பீக்கப் என்ற கோப்பில், ஆல்சா, அடிக்கோடு, கார்டு, சமக்குறி, பிசிஎச் என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஆல்சாவும் கார்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். நிறுவும்போதே அந்த வரி எழுதப்பட்டிருக்கலாம். பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் சேருங்கள்.

கடைசியாக டெஸ்க்டாப். பேவுகன்ட்ரோல் என்ற நிரலை நிறுவுங்கள் (பி ஏ வி யூ, அதோடு சேர்த்து கன்ட்ரோல்). அதன் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. உள்ளிருக்கும் அட்டையை ‘ஆஃப்’ என்று வையுங்கள். அதன் பிறகு பைப்வயர் அந்த அட்டையின் பக்கமே போகாது. டெஸ்க்டாப் மௌனமாக இருக்கும் நாளில் இதைச் செய்ய முடியாது. யூஎஸ்பி அட்டையைச் செருகி, ஓர்கா அதில் பேசத் தொடங்கிய பிறகு செய்யுங்கள். எங்கே தடைப்பட்டாலும் அந்த ஃபியூசர் கட்டளை சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்வரை காக்க வைக்காமல் தபாலில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் லினக்ஸ் மின்டில் பாட்டும் விளையாட்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்று தேடினேன். ஒரு குறிப்பில் ‘ஏஆர்டிஎஸ்’ நிறுவு என்கிறார்கள், இன்னொன்றில் ‘ஈஎஸ்டி’, மற்றொன்றில் பல்ஸ்ஆடியோவை அழித்துவிட்டு ‘அசவுண்ட்ஆர்சி’ என்ற கோப்பை எழுது என்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: எதையும் செய்யாதீர்கள். மூன்றும் அவற்றின் காலத்தில் சரியான மருந்துகளே. அந்தக் காலம் போய்விட்டது. முதலில் ஓஎஸ்எஸ் என்ற ஒலி அடுக்கு இருந்தது. டெவ் அடைவில் டிஎஸ்பி என்று ஒரே கோப்பு, அதைத் திறந்தவருக்கே அட்டை. அந்த நெருக்கடிக்காக க்னோம் பக்கம் ஈஎஸ்டியும் கேடிஇ டெஸ்க்டாப் பக்கம் ஏஆர்டிஎஸ்ஸும் மிக்சர்களாக வந்தன. இரண்டு மிக்சர்கள் வந்ததும் அட்டையை எந்த மிக்சர் பிடிப்பது என்ற சண்டை தொடங்கியது. யரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய ஆல்சா, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் டிமிக்ஸ் என்ற பகுதி பின்னணியில் ஓடும் தனிச் சேவகன் நிரல் இல்லாமலே ஒலிகளைக் கலக்கும். தொடக்கத்தில் அதை இயக்க அசவுண்ட்ஆர்சி கோப்பில் கையால் எழுத வேண்டியிருந்தது. ஆல்சா நூலகத்தின் 1.0.9 பதிப்பிலிருந்து தானாகவே இயங்கியது. நீங்கள் பார்த்த குறிப்பு அதற்கும் முற்பட்டதாக இருக்க வேண்டும். பிறகு லென்னார்ட் போட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ என்ற மிக்சர். 2007 நவம்பரில் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வகை அதை இயல்பாகவே தந்தது. அதன் பிறகு விம் டைமன்ஸ் எழுதிய பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34-இல் அது ஒலிக்கான பொறுப்பை ஏற்றது.

இப்போதைய நிரல்களில் பெரும்பாலானவை பல்ஸ்ஆடியோவின் மொழியில்தான் பேசுகின்றன. பைப்வயருக்கும் அந்த மொழி தெரியும். அழித்தால் மிக்சரைத் தொலைத்துவிட்டு மறுபடி 2003-க்குப் போய் நிற்பீர்கள். வீட்டு அடைவில் அசவுண்ட்ஆர்சி கோப்பை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தால் அதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். விளையாட்டின் ஒலி அமைப்பில் ‘எச்டபிள்யூ 0,0’ என்று தொடங்கும் சாதனம் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது மிக்சரைத் தாண்டி அட்டைக்கே போகும் குறுக்கு வழி. ‘டீஃபால்ட்’ என்று மாற்றினால் உங்கள் சிக்கல் அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

பாட்டுப் போடும் நிரலை சூடோ போட்டு, அதாவது ரூட்டாக, இயக்குகிறவர்களையும் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். ரூட்டாக ஓடும் நிரல் உங்கள் மிக்சரோடு சேராமல் நேராக அட்டையைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: ஆண்டு விழாவில் ஒரே லேப்டாப்பில் வீடியோவையும் பின்னணி இசையையும் ஒன்றாக ஓடவிட்டேன். தனித்தனியாகக் கேட்டால் தெளிவு. சேர்ந்தால் கிழிந்த பறை போல இரைச்சல். மிக்சர் சரியில்லையா?
– கல்லூரி மாணவன், தஞ்சாவூர்

பதில்: மிக்சர் கணக்கைச் சரியாகத்தான் போட்டது, தம்பி. இரண்டையும் முழு ஒலியில் வைத்ததுதான் காரணம். ஒலியைக் கலப்பது என்றால் கூட்டல், அவ்வளவுதான். வினாடிக்கு 48,000 முறை ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணைத் தருகிறது; அதை மாதிரி என்பார்கள். மிக்சர் அவற்றைக் கூட்டி அட்டைக்கு அனுப்புகிறது. 16 பிட் ஒலியில் அந்த எண் −32,768-க்கும் 32,767-க்கும் இடையில்தான் இருக்க முடியும். ஒரு நொடித்துகளில் வீடியோ 20,000 என்கிறது, இசை 18,000 என்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 38,000. அது கொள்ளாது; 32,767-இல் வெட்டப்படும். அலையின் உருண்டையான தலை இப்படி வரிசையாகத் தட்டையாகும்போது காதுக்கு அது கிழிசலாகக் கேட்கிறது. வெட்டாமல் விட்டால் இன்னும் மோசம்: அதே 38,000 எண்சுற்றில் புரண்டு −27,536 ஆகிவிடும்; ஸ்பீக்கர் மேலே போக வேண்டிய நேரத்தில் கீழே குதித்து வெடிச்சத்தம் போடும். பழைய மென்பொருள்களில் அதையும் கேட்டிருக்கிறேன்.

பைப்வயர் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் கூட்டுவதால் நடுவில் எதுவும் வெட்டுப்படாது. அட்டைக்குள் நுழையும் கடைசி வாசலில் வெட்டுப்படும். பேவுகன்ட்ரோலின் முதல் தாவலில், ஒலித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித் திருகு இருக்கிறது. இசையைப் பாதிக்கும் கீழே இறக்கி, வீடியோவையும் கொஞ்சம் குறைத்து, கூடத்துக்கு வேண்டிய சத்தத்தை ஆம்பிளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தத் திருகையும் 100 விழுக்காட்டுக்கு மேல் தள்ளாதீர்கள். அதே தாவலில் ஒரு நிரலின் ஒலியை ஹெட்போனுக்கும் இன்னொன்றின் ஒலியை டிவிக்கும் பிரித்தனுப்பும் பெட்டியும் இருக்கிறது. அடுத்த விழாவில் மேடைக்குப் பின்னால் ஒத்திகை கேட்க உதவும்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கிறது. கூட்ட அழைப்பு ஒன்றில் சேர்ந்த நொடியில் பாட்டும் பேச்சும் பழைய தொலைபேசி போல ஆகிவிடுகின்றன. லினக்ஸை மாற்றிவிடலாமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: மாற்ற வேண்டாம், அம்மா. இது புளூடூத்தின் குணம். ஹெட்போனுக்கு இரண்டு முகங்கள். ஏ2டிபி என்பது ஒருவழிப் பாதை: நல்ல ஸ்டீரியோ வரும், மைக் கிடையாது. எச்எஃப்பி இருவழிப் பாதை: மைக் உண்டு, ஆனால் ஒற்றைத் தடம், பழைய முறையில் வினாடிக்கு 8,000, சற்றே புதிய முறையில் 16,000 மாதிரிகள்தான். அழைப்பு மைக்கைக் கேட்டதும் கணினி இரண்டாவது முகத்துக்கு மாறிவிடுகிறது. அழைப்பு நிரலில் மைக்காக லேப்டாப்பின் உள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் ஏ2டிபியிலேயே நிற்கும்.

கேள்வி: வீட்டில் ஒரே கணினி. தம்பி தன் கணக்கில் பாட்டை ஓடவிட்டுவிட்டு ‘பயனர் மாற்று’ கொடுக்கிறான். என் கணக்கில் ஒலியே வருவதில்லை.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கணினியின் முன் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கே அட்டையைத் திறக்கும் உரிமையை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தர வேண்டும், பயனர் மாறினால் உரிமையும் கைமாற வேண்டும். தம்பி ‘ஆடியோ’ என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். குழுவில் இருப்பவருக்கு உரிமை எப்போதும் உண்டு, திரைக்கு முன்னால் இல்லாவிட்டாலும். ஒலி வராதபோதெல்லாம் ‘ஆடியோ குழுவில் சேர்’ என்று சொல்வது பழைய வழக்கம். இருவரையும் அந்தக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். தம்பி பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போனாலே போதும் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். நிறுத்தியபின் சுமார் 5 வினாடியில் மிக்சர் அட்டையை விட்டுவிடும்.

கேள்வி: நான் வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். ஒரு நிரலில் சுருதிப்பெட்டி, இன்னொன்றில் தாளம், மூன்றாவதில் ஒலிப்பதிவு; மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். முன்பு ‘ஜாக்’ என்ற மென்பொருளைப் போட்டபோது மற்ற எல்லா ஒலியும் நின்றுவிட்டது. இப்போது பதிவானதைக் கேட்டால் நான் தாளத்துக்குப் பின்னால் பாடுவதாகத் தெரிகிறது. நான் பிந்திப் பாடுகிறவள் அல்ல. சுருதியும் மாறிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
– இசை ஆசிரியை, திருச்சி

பதில்: நீங்கள் பிந்தவில்லை, உங்கள் குரல் கணினிக்குள் நுழையத்தான் தாமதமாகிறது. மிக்சர் மாதிரிகளை ஒவ்வொன்றாக வாங்காமல் கூடை கூடையாக வாங்குகிறது. பைப்வயரின் இயல்பான கூடை அளவு 1,024. வினாடிக்கு 48,000 என்ற கணக்கில் ஒரு கூடை நிரம்ப சுமார் 21 மில்லிவினாடி ஆகிறது. தாளம் ஒரு கூடையில் ஏறி ஸ்பீக்கருக்கு வருகிறது. அதைக் கேட்டு நீங்கள் பாடியது இன்னொரு கூடையில் ஏறிப் பதிவுக்குப் போகிறது. அட்டையும் நிரலும் தங்கள் பங்குக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். சுருதிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தம்புராவின் நாதம் ஒரே சீராக ஓடுகிறது. அது சற்றுத் தாமதமாக வந்தாலும் அதே ஷட்ஜம்தான். தாளத்தின் தட்டுக்குத்தான் நேரம் உண்டு, வலிப்பதும் அங்கேதான்.

ஜாக்கை எழுதியவர் பால் டேவிஸ். ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகக் குறைந்த தாமதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது அட்டையை முழுவதுமாகத் தனக்கே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மற்றவை ஊமையாயின. பைப்வயர் ஜாக்கின் மொழியையும் பேசுகிறது. ஜாக்குக்காக எழுதப்பட்ட பதிவு நிரலும் சாதாரண சுருதிப்பெட்டி நிரலும் இப்போது ஒரே மிக்சரில் சேர்ந்து நிற்கும். ஜாக்கின் பழைய சேவகனை மட்டும் தொடங்காமல் விடுங்கள்.

சுருதி மாறுமா என்று கேட்டது நல்ல கேள்வி; அடிப்படை இல்லாத பயம் அல்ல. பல சுருதிக் கோப்புகள் வினாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் பதிவானவை. அதை மாற்றாமல் 48,000 வேகத்தில் ஓடும் அட்டைக்குள் ஊற்றினால், ஒரு கட்டை சுருதி ஒன்றரையைத் தாண்டி, இரண்டை எட்டாமல், இரண்டுங்கெட்டான் இடத்தில் நிற்கும். எந்தப் பாடகிக்கும் அது வேதனை. மிக்சர் வழியாகப் போகும்போது அது மாதிரிகளைக் கணக்கிட்டு மாற்றித் தந்துவிடுவதால் ஒரு கட்டை ஒரு கட்டையாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் மின்சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் காதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் இல்லை.

பதிவு செய்யும்போது ஹெட்போனில் கேளுங்கள். சுருதியும் தாளமும் மைக்குக்குள் திரும்ப ஏறாது. உங்கள் குரலைக் கணினி வழியாகத் திருப்பிக் கேட்கும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பாடுங்கள். பதிவு நிரலில் தாமதத்தை ஈடுசெய்யும் அமைப்பு ஒன்று இருக்கும். ஆடாசிட்டியில் அது இயல்பாக −130 மில்லிவினாடி. அதைச் சரிபார்க்க, அந்த எண்ணை முதலில் 0 ஆக்கிவிட்டு, தாளத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, மைக்கை அதன் முன்னால் வைத்து, பாடாமல் பத்து ஆவர்த்தனம் பதிவு செய்யுங்கள். மூலத் தடத்தின் தட்டும் பதிவின் தட்டும் திரையில் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுதான் உங்கள் கணினியின் தாமதம். அதைக் கழித்தல் குறியோடு அந்த அமைப்பில் கொடுத்துவிட்டால் அடுத்த பதிவு தானாக இடம் சேரும். அதன் பிறகும் தட்டு தள்ளிக் கேட்டால் கூடையை 256 ஆக்கலாம். ஒரு கூடைக்கு 5 மில்லிவினாடி சொச்சம்தான் ஆகும். பழைய லேப்டாப்பாக இருந்தால் 256-இல் ஒலி விட்டுவிட்டு வரக்கூடும். அப்போது 512-க்கு ஏற்றிவிடுங்கள்.